புகைக்கூடத்தில் கேட்ட சிரிப்பு

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தண்ணீர் கேட்டார். நான் குவளையை நீட்டினேன். அவர் அதை வாயருகே கொண்டுபோன நேரத்தில் புகைக்கூடத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

நல்ல உச்சி வெயில். கொல்லையில் முறம் நிறைய மரவள்ளிக்கிழங்கு. என் கையில் தோல் சீவும் கத்தி. மண்டோருக்குப் பின்னால் ஒரு ஜப்பான் சிப்பாய், எங்கள் பப்பாளி மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தான். பழுத்தது எது, காய் எது என்று பார்க்கிறான் போலிருந்தது.

பெரிய சிரிப்பில்லை. அடக்கி அடக்கி, முடியாமல் போனபோது மூக்கு வழியாகக் கசிந்த சிரிப்பு. கெட்டில் கொதிக்கும் முன் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அதுபோல. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே சிரிப்புதான். அப்பாவிடமிருந்து வந்தது, அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது.

உள்ளே இருந்தது என் அண்ணன் சவரிமுத்து. அவன் கடற்கரைப் பக்கம் மீன்பிடிக்கும் உறவுக்காரரிடம் போய்விட்டதாகத்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். அவன் இங்கே இருப்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கண்டுபிடித்தால் அன்றைக்கே லோரியில் ஏற்றிவிடுவார்கள். லோரி ரயிலடிக்குப் போகும். ரயில் சயாமுக்குப் போகும். அங்கே தண்டவாளம் போடப் போன எங்கள் லயத்து ஆண்களில் ஒருவரிடமிருந்தும் அதுவரை ஒரு செய்தி கிடையாது.

மண்டோர் குவளையைத் தாழ்த்தினார்.

நான் என்ன செய்தேன் என்பது இருக்கட்டும். அண்ணன் எதற்குச் சிரித்தான் என்பதை முதலில் சொல்கிறேன். அது தெரியாவிட்டால் அவனை மூளையில்லாதவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கிராணியம்மா விட்டுப்போன புத்தகம்

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், லுக்குட்டுக்கும் புக்கிட் பெலண்டோக்குக்கும் நடுவில். சண்டைக்கு முன்னால் என் அப்பாவுக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்துகிற கூடம் அது. அதனால் எங்கள் வீடும் கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசியில், புகைக்கூடத்தை ஒட்டியே இருந்தது. சட்டை, சோறு, அப்பாவின் தலைமுடி, எல்லாவற்றிலும் புகை வாசம். அப்பா செத்து ஓராண்டுக்குள் வெள்ளைக்கார துரை ஓடிப்போனார். ஜப்பான்காரன் வந்தான். ரப்பரை வாங்க ஆளில்லை. புகைக்கூடம் அணைந்துபோனது.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மனைவியை நாங்கள் கிராணியம்மா என்போம். துணி தைக்க, பொத்தான் வைக்க நான் அவர் வீட்டுக்குப் போவேன். மத்தியானத்தில் அவர் கட்டிலில் சாய்ந்து மெட்ராஸிலிருந்து வரும் கதைப் புத்தகம் படித்துக்கொண்டு தனியாகச் சிரிப்பார். ஆள் யாரும் இல்லாத அறையில் ஒரு பெண் அப்படிச் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டிப் பார்ப்பேன். ‘போ, போய் பொத்தானை வை’ என்று விரட்டுவார்.

கிராணி குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போன அன்று, அந்தம்மா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். மேலட்டையை அவர் கைக்குழந்தை எப்போதோ பிய்த்துவிட்டிருந்தது. கதைக்கு என்ன பெயர், எழுதியவர் யார், எனக்கு இன்றுவரை தெரியாது.

தோட்டப் பள்ளியில் நான் படித்த தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு முன் நான் படித்தவை பாடப் புத்தகமும் ஜெபப் புத்தகமும்தான். ஆனால் இது அந்தக் காலத்து மெட்ராஸ். டிராம் வண்டி ஓடுகிறது. பெண்கள் காலேஜுக்குப் போகிறார்கள். காபி ஆறிப்போனதுதான் ஒரு வீட்டில் நடக்கும் மிகப் பெரிய துன்பம். காதலிக்கிறவர்கள் சாகவில்லை, சண்டைதான் போடுகிறார்கள். அந்தச் சண்டையும் இனிப்பாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்திலேயே எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இப்படியும் மனிதர்கள் எங்கோ இருக்கிறார்களா, இன்றைக்கும் இருப்பார்களா என்று.

பெண் பார்க்கப் போன இடம்

அந்தக் கதையில் எங்களைக் கவிழ்த்த இடம் ஒன்று உண்டு.

சந்தானம் என்று ஒரு பையன். கூச்ச சுபாவம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. பெண் பார்க்கத் தனியாகப் போகிறான். வீடு மாறி அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அந்த வீட்டுப் பெரியவர் லட்சுமி என்ற தன் பசுவை விற்பதற்கு ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண் பிள்ளையைச் செல்லமாக ‘அது’ என்று பேசுவது நம்மில் உண்டல்லவா? அதனால் சந்தானத்துக்குச் சந்தேகமே வரவில்லை.

பெரியவர் சொல்கிறார்: ‘எங்கள் லட்சுமி நல்ல சாது. இதுவரை ஒருத்தரையும் உதைத்ததில்லை.’

சந்தானம் சொல்கிறான்: ‘அதுவே பெரிய விஷயம்.’

‘காலையில் இரண்டு படி. சாயங்காலம் ஒன்றரைப் படி.’

சந்தானத்துக்கு வியர்க்கிறது. இரண்டு படி அரிசிச் சோறு தின்கிற பெண்ணை வைத்து எப்படிக் குடித்தனம் நடத்துவது? ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியாதா?’ என்று கெஞ்சுகிறான்.

‘ஏன் குறைக்க வேண்டும்? நன்றாகக் கவனித்தால் இன்னும் கூடும்!’

‘கன்றும் கூடவே வரும், அதற்குத் தனிப் பேச்சு இல்லை’ என்று பெரியவர் சொல்லும்போது சந்தானம் நாற்காலியோடு சரிகிறான். அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள் ஒரு பெண். அவன் பார்க்க வந்த வசந்தா அவள்தான். அங்கேதான் காதல் ஆரம்பம்.

இதை நீங்கள் வயிறு நிறைந்து படிக்கிறீர்கள். நாங்கள் காலையிலும் மாலையிலும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டு படித்தோம். இரண்டு படி அரிசியை ஒன்றாகப் பார்த்தது எப்போது என்பதே எங்களுக்கு மறந்துவிட்டிருந்தது. அந்த வரியில்தான் அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிடும்.

கொடுத்தாலும் பயம், வாங்கினாலும் பயம்

புத்தகத்தை நான் அண்ணனிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது.

புகைக்கூடத்தின் உட்பக்கம் பழைய புகையால் கறுத்துக் கிடந்தது. மேல்கம்புகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் படுத்திருப்பான். பகலில் தகரக் கூரை கொதிக்கும். முதலில் விடுதலை பற்றிப் பேசினான். பிறகு சாப்பாடு பற்றிப் பேசினான். பிறகு பேசுவதையே நிறுத்தினான். ஒருநாள் நான் கிழங்கு கொண்டுபோனபோது, தானே போய் லோரியில் ஏறிவிடலாம் என்று தோன்றுவதாகச் சொன்னான். அங்கேயாவது வானம் தெரியும் என்றான்.

அன்றைக்கே புத்தகத்தைக் கிழங்குக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

கூரைக்குக் கீழே புகை போவதற்கு ஒரு நீள இடுக்கு உண்டு. உச்சி வேளையில் மட்டும்தான் அதன் வழியாக எழுத்துத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்காகக் காலையெல்லாம் காத்திருக்க ஆரம்பித்தான். முகம் தெளிந்தது. வசந்தா அவனை மறுபடி சந்திப்பாளா என்று என்னிடம் கேட்பான். நான் சொல்லமாட்டேன். லோரியைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

ஆனால் என் நிம்மதி போய்விட்டது. ஒவ்வொரு உச்சி வேளையும் கொல்லையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கிழங்கு சீவுவேன். மாட்டுக் கட்டம் வந்துவிட்டதா? இன்னும் எத்தனை பக்கம்? புத்தகத்தைத் திரும்ப வாங்கினால் வெளியே வந்துவிடுவான். விட்டுவைத்தால் சிரித்துவிடுவான். சேவல் கூவினாலும் புகைக்கூடத்தைத் திரும்பிப் பார்ப்பேன்.

அம்மா அறைந்த அறை

மண்டோர் குவளையைத் தாழ்த்தினார் என்றேன்.

அவர் புகைக்கூடத்துப் பக்கம் திரும்புவதற்குள் நான் சிரித்தேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதே கீச்சுச் சிரிப்பு. தொடங்கியது நிற்கவில்லை. கத்தியை மண்ணில் போட்டுவிட்டு, முறத்தைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். பயம் முற்றிப்போனால் உடம்பு தானாகவே குலுங்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். கண்ணில் நீர் கொட்டியது. சிப்பாய் பப்பாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. நான் இன்னும் சிரித்தேன்.

“என்னா இவளுக்கு?” என்று மண்டோர் கேட்டார்.

“அண்ணன்காரன் போனதுலேருந்து இப்படித்தாங்க,” என்றார் அம்மா. “நல்லாத்தான் இருப்பா. திடீர்னு பிடிச்சுக்கும்.”

மண்டோர் ஜப்பான்காரனிடம் தன் தலையைத் தொட்டுக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். ‘கீலா’ என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. பைத்தியம். சிப்பாய் இரண்டடி தள்ளி நின்றான். பிறகு இரண்டு பப்பாளிகளைப் பறித்துக்கொண்டு இருவரும் போனார்கள்.

அந்த அறை நடிப்பா நிஜமா என்று பல வருஷம் கழித்து அம்மாவிடம் கேட்டேன். தனக்கே தெரியவில்லை என்றார்.

அன்று அம்மா புத்தகத்தைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். பானை காலியாகத்தானே இருந்தது. ஜெபமாலை உருட்டினால் சத்தம் வராது என்று சொல்லி அதை அண்ணனிடம் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். மறுநாள் கிழங்கைத் தொடவில்லை. அதற்கும் மறுநாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்புறம் அம்மாவே புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு போனார். மாட்டைப் பற்றிய இடத்தை மட்டும் படிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாராம்.

வந்து என்னிடம் அது என்ன மாட்டுக் கதை என்று கேட்டார். சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. “பாவம்டி அந்தப் பையன்,” என்றார்.

திருநீறு பூசிய பிலோமினா

ஒரு தடவை பைத்தியமானவள் மறுநாள் தெளிந்துவிட முடியாது. யாராவது எங்கள் கொல்லைப் பக்கம் வந்தால் நான் சும்மா சிரிக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு வராத நாளில் சந்தானத்தை நினைத்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா முனியாண்டி கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து என் நெற்றியில் பூசி, கையில் கறுப்புக் கயிறு கட்டினார். அவர் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தன் கவலையை வைத்துக்கொண்டு எனக்காக வேண்டிக்கொண்டார். பிலோமினா என்று ஞானஸ்நானம் வாங்கிய நான் நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டார். அஞ்சலையக்காவிடம் உண்மையைச் சொல்ல வாய் துடிக்கும். அவரை நம்பாமல் இல்லை. ஒருவருக்குத் தெரிந்தால் அதுவும் ஒரு வாசல் திறந்த மாதிரி. வாயை மூடிக்கொண்டேன்.

செய்தி கோலா பிலா வரைக்கும் போய்விட்டது. அங்கே அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் இருந்தார். அவர் மகன் ஆரோக்கியசாமிக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு நடந்து, சண்டையால் நின்றுபோயிருந்தது. இனி அந்தப் பேச்சு எழாது என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். அண்ணன் பிழைத்தால் போதும் என்று நானும் இருந்தேன். அப்படி இருந்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

கரிக் கொட்டகைக்காரர்

ஒருநாள் முற்பகலில் ஆரோக்கியசாமியே வந்து நின்றார். உடம்பெல்லாம் கரித்தூசு. கையில் ஜப்பான் எழுத்துள்ள பட்டை.

அப்போது பெட்ரோல் இல்லாமல் லோரிகள் கரியில்தான் ஓடின. கோலா பிலா மலைப்பக்கம் காட்டில் கரி சுடும் சூளைகள் இருந்தன. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பட்டை உண்டு. அவர்களைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். போர்ட் டிக்சனுக்குக் கரி கொண்டுவந்த லோரியில் வந்து, லுக்குட்டில் இறங்கி நடந்து வந்திருந்தார்.

பட்டையை மறுபடி பார்த்தேன். ஜப்பான்காரன் பட்டையைக் கட்டியவர் எந்தப் பக்கத்து ஆள்? பத்தடி தூரத்தில் புகைக்கூடம். உச்சி வேளை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் அம்மாவிடம் நலம் விசாரித்தார். பிறகு, மலாய்ப் பேச்சின் ‘லா’ ஒட்டிய தமிழில், நேராக என்னிடம் கேட்டார்.

“பைத்தியம்னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தெரியல லா. எதுக்குச் சிரிச்சே?”

சுற்றி வளைக்காமல் என்னிடம் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பொய் சொல்ல வரவில்லை. உண்மையும் சொல்ல முடியாது. ஒரு கதைப் புத்தகம் படித்தேன், அதை நினைத்துச் சிரித்தேன் என்றேன்.

புத்தகத்தைக் காட்டச் சொன்னார். அதுவோ புகைக்கூடத்தில், அண்ணன் கையில். அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். இரவல் போயிருக்கிறது என்று சமாளித்துவிட்டு, வேண்டுமானால் கதையைச் சொல்கிறேன் என்றேன்.

பெண் பார்க்க வந்தவரிடம், பெண் பார்க்கப் போனவன் மாடு பார்த்த கதையைச் சொன்னேன். காது முழுக்கப் புகைக்கூடத்தின் மேல் இருந்தது. ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியாதா’ என்ற இடத்தில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கரி பிடித்த முகத்தில் கண்ணீர் கோடு போட்டது. சிரித்து முடித்தும் முடியாமல் மறுபடி ஆரம்பித்தார். நல்லவேளை, அந்தச் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது.

புறப்படும்போது அம்மாவிடம் சொன்னார்: “அத்தை, சூளைக்கு ஆள் வேணும். தெரிஞ்ச ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அடுத்த லோரியில வரேன்.”

ஆள் வேண்டும் என்ற வார்த்தை

அந்த வார்த்தை எங்களுக்குப் புதிதல்ல. அஞ்சலையக்காவின் புருஷனையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும், நல்ல சாப்பாடு, சீக்கிரம் திரும்பலாம் என்று.

அம்மா அழுதார். ஆரோக்கியசாமி மோப்பம் பிடித்துவிட்டான், மண்டோர்தான் அனுப்பியிருக்கிறார் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எதற்கு ‘ஆம்பளைங்க’ என்றார்? எதற்குப் புத்தகத்தைக் கேட்டார்? யோசித்து யோசித்து எனக்குக் கிழங்கு இறங்கவில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் பலகை இடுக்கு வழியாகப் பார்த்திருந்தான். மேலே படுத்தபடியே சொன்னான்: “மாட்டுக் கதைக்கு அப்படிச் சிரிக்கிறவன் ஆளைப் பிடிச்சுக் குடுக்க மாட்டான்.”

சிரிப்பை வைத்து ஓர் ஆளை எப்படி நம்புவது என்று கேட்டேன். எத்தனையோ கெட்டவர்களும் சிரிக்கிறார்கள் என்றேன். அவன் கேட்கவில்லை. வேறு எதை வைத்து நம்பச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டான்.

ஆரோக்கியசாமி மறுபடி வந்தபோது லோரியைத் தோட்டத்துச் சாலையிலேயே நிறுத்தியிருந்தார். ஓட்டுகிறவர் ஒரு சீனர். கதை சொன்னபோது நான் புகைக்கூடத்துப் பக்கமே காது வைத்திருந்ததை ஆரோக்கியசாமி அன்றே கவனித்திருந்தாராம். மடியிலிருந்து இன்னொரு கைப்பட்டையையும் ஒரு பிடி கரித்தூளையும் எடுத்து அம்மாவின் முன் வைத்தார். அப்போதுதான் அம்மா புகைக்கூடத்தைக் கைகாட்டினார்.

அண்ணன் பட்டப்பகலில் வெளியே வந்தான். வெயிலைத் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவன் முகத்திலும் கழுத்திலும் அம்மாவே கரி பூசினார். பூசப் பூசக் கண்ணீர் அதைக் கரைத்தது. மறுபடி பூசினார். காலிச் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்தான். புத்தகம் இடுப்பில்.

லோரி மண்டோர் வீட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மண்டோர் வாசலில்தான் நின்றார். ஆரோக்கியசாமி கையை உயர்த்திக் காட்டினார். அவரும் கையை உயர்த்தினார்.

சத்தம்

அதன் பிறகு செய்தி இல்லை. லோரிகள் போயின, வந்தன. ஒன்றும் எங்கள் சாலையில் நிற்கவில்லை. சிரம்பான் பாதையில் ஆட்களை இறக்கிச் சோதிக்கிறார்கள் என்றார்கள். புக்கிட் புத்துஸ் மேட்டில் ஒரு லோரி கவிழ்ந்தது என்றார்கள். கவிழ்ந்தது எங்கள் லோரியா என்று யாரிடமும் கேட்க முடியாது. மகன் கடற்கரையில் இருப்பதாகச் சொன்னவர்கள் அந்த மேட்டைப் பற்றி எதற்கு விசாரிக்க வேண்டும்? நானே அவனை அனுப்பிக் கொடுத்தேனோ, அந்தக் கதையை ஆரோக்கியசாமியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நான் குமைந்துகொண்டிருந்தேன். யார் வந்தாலும் சிரிக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. ஆனாலும் அஞ்சலையக்கா வந்தால் பழக்கத்தில் வாய் கோணும்.

மழை ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் ஆரோக்கியசாமி நனைந்தபடி வந்தார். தனியாக வந்தார். தனியாக வருவதைப் பார்த்ததும் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கான் அத்தை. அவனாலதான் சூளையில ஒருத்தனுக்கும் வேலை ஓட மாட்டேங்குது. தினமும் அந்த மாட்டுக் கதையப் படிச்சுக் காட்டிச் சிரிக்கிறான்.”

அம்மா அவரை நம்பாத மாதிரி பார்த்தார்.

“சத்தமாவா சிரிக்கிறான்?”

“சத்தமாத்தான் லா. மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்.”

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் ஓடினேன். மூக்கு வழியாக, கீச்சென்று, அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.